ஒன்பதாம் படி

வாண்டோ தீவு, தென்கொரியா, நவம்பர் 22, 2015

அன்புள்ள கியுதே அண்ணனுக்கு,

சாப்பிட்டாயா? ஹ்வாச்சோன் மலைப்பக்கம் பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு காவலுக்குப் போ. போன வருஷம் புண்ணானது ஞாபகமிருக்கட்டும். நானும் அம்மாவும் சுகம். கடற்பாசி ஆலையில் பருவம் தொடங்கிவிட்டதால் அம்மாவின் விரல்கள்தான் மறுபடி வெடிக்கின்றன.

போனில் பேசலாமே என்பாய். நீ ராணுவ முகாமிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் தோளோடு தோளாக நிற்கிறாள். அவளைப் பற்றிய புகாரை அவளை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது? அதனால்தான் கடிதம்.

பரீட்சை முடிந்தது. யோசுவில் மீன் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சிரிக்காதே. போன கோடையில் நம் ஊர்ப் பண்ணை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தபோது, என்ன நோய் என்று சொல்ல இந்தத் தீவில் ஓர் ஆள் இல்லை. இடம் கிடைத்துவிடும் என்று ஆசிரியை சொல்கிறார். பணம்தான் கேள்வி. அரசாங்க உதவித்தொகை வந்தால் போவேன், வராவிட்டால் ஆலைக்கு. மேஸ்திரி இப்போதே என் கையுறை அளவைக் கேட்டுவிட்டார்.

உதவித்தொகைக்கு வீட்டு வருமானத்தையும் சொத்தையும் கூட்டிக் குடும்பங்களைப் பத்துப் படியாக அடுக்குகிறார்கள். கீழ்ப்படிக்காரர்களுக்குக் கட்டணம் முழுக்க வரும். ஒன்பது, பத்து என்றால் கைவிரிப்பு. நமக்கு அப்பா இல்லை, சொந்த வீடு இல்லை, அம்மாவுக்குத் தினக்கூலி. நாம் கீழ்ப்படியில் இல்லையென்றால் வேறு யார் இருப்பார்கள்?

ஆனால் அந்த இணையதளம் இருக்கிறதே. ஒரு பாதுகாப்பு நிரலை நிறுவு என்றது, நிறுவினேன். கணினியை அணைத்துப் போடு என்றது, போட்டேன். இன்னொன்றை நிறுவு என்றது. நூலகத்தில் எதையும் நிறுவக் கூடாதாம், துரத்திவிட்டார்கள். எப்படியோ என் பங்கை முடித்தேன். இனி அம்மா தன் வங்கி மின்சான்றைப் போட்டு, 'என் விவரங்களைப் பார்க்கச் சம்மதம்' என்று ஒரு முறை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். "பருவம் முடியட்டும்டி" என்கிறாள். பருவம் முடிவது ஏப்ரலில். எனக்கு மண்டை காய்கிறது. நீயாவது சொல்.

தங்கை,
தாசோம்

ஹ்வாச்சோன், டிசம்பர் 3

கணவாய் மூஞ்சிக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான். காதும் இருக்கிறது. காலையில் எழுந்தால் பனி அள்ளுகிறோம். அள்ளி முடிப்பதற்குள் அள்ளிய இடத்தில் மறுபடி பனி. இதற்குத்தான் என்னைப் பெற்றாள் அம்மா. அவள் விரலுக்குத் தடவ முகாம் கடையில் ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த விடுப்பில் தருகிறேன்.

மீன் டாக்டர். நாடி எங்கே பிடிப்பாய், செதிலிலா?

சரி, கேள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டருக்குப் போ. ஜன்னல் ஓரக் கணினியில் உட்கார்; அது ஒன்றில்தான் எல்லா நிரலும் ஏறும். மூன்றாவது நிரல் வந்ததும் திரை வெள்ளையாகும். பயந்துபோய் எதையும் தட்டாதே, தானாகத் திரும்பி வரும். பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து. சந்தேகம் இருந்தால் விசாரணை எண்ணில் காலையில் திறந்ததுமே கூப்பிடு. மத்தியானத்துக்கு மேல் பாட்டு மட்டும்தான் கேட்கும். தொண்டை கட்டிய குரலில் ஒரு அக்கா எடுப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

அம்மாவை விரட்டாதே. அவளாகவே ஒரு நாள் வந்து அழுத்துவாள். அப்புறம் என்ன முடிவு வந்தாலும் அவள்மேல் பாயாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ தேறாவிட்டால் மீன்கள் கதி என்ன?

அண்ணன்

வாண்டோ, டிசம்பர் 20

அண்ணா,

குளிர் எப்படி? இங்கே கடல் காற்றில் ஜன்னல் ராத்திரி பகல் ஆடுகிறது. நாங்கள் நலம். களிம்பு என்றதும் அம்மா, "அவனுக்கு வாங்கித் தடவிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

இடம் கிடைத்துவிட்டது. பட்டியலில் என் பெயரைப் பார்த்து, அம்மாவுக்கு உதவப் போன ஆலையிலேயே கத்திவிட்டேன். அன்று சாயங்காலமே அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "வா, அந்தக் கடைக்குப் போவோம்" என்றாள். ஜன்னல் ஓரக் கணினி, மூன்றாவது நிரல், வெள்ளைத் திரை, எல்லாம் நீ சொன்னபடியே. அம்மா அழுத்தினாள். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை, அப்புறம் சூடுபட்டவள் போல வெடுக்கென்று எடுத்தாள்.

சொக்மான் மாமா பன்றி விலாவோடு வந்தார். வீட்டுக்கு வெளியே நின்றபடியே தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க டாக்டரம்மா எங்கே?" என்றார். அப்பா போனபின் நம் வீட்டில் கறி வெந்ததெல்லாம் மாமா வந்த நாளில்தான் என்று தோன்றுகிறது. வழக்கம்போல உன்னையும் இழுத்தார்: "அந்தத் தடியன் அரை வருஷத்துல சலிச்சுப்போச்சுன்னு வந்துட்டான். நீயாவது முழுசாப் படிச்சுக் காட்டு." அம்மாவும் சேர்ந்துகொண்டு உன்னை மாடு, கழுதை என்றாள்.

ஒன்று கேட்க வேண்டும். படிப்பே பிடிக்காமல் வந்தவன் நீ. அந்த இணையதளத்தின் சந்துபொந்தெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

தாசோம்

ஹ்வாச்சோன், ஜனவரி 6, 2016

தாசோம்,

புத்தாண்டு வாழ்த்து. அரிசிப் பணியாரச் சூப் கொடுத்தார்கள். சூப் இருந்தது, பணியாரத்தைத் தேட வேண்டியிருந்தது. நலமாக இருக்கிறேன்.

இடம் கிடைத்ததற்குச் சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம்.

இங்கே என் அறையில் ஒருவன் தன் தங்கைக்காக அலைந்த கதையைத் தினமும் சொல்வான், அப்படித்தான் தெரியும். படி எண் வந்ததும் எழுது. காவலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அண்ணன்

வாண்டோ, ஜனவரி 19

அண்ணா,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. நலமாக இரு.

ஒன்பதாம் படி. கேட்டாயா? நாம் ஒன்பதாம் படியாம். படகுத்துறை மருத்துவரின் மகள் எட்டில் இருக்கிறாள். அவள் வீட்டு நாய்க்கே தனி அறை. அவளுக்குக் கொஞ்சமாவது வருகிறது, எனக்கு ஒன்றும் இல்லை.

தப்பாகக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் காலையிலேயே கூப்பிட்டேன். உன் தொண்டை கட்டிய அக்காதான் எடுத்தார். "தப்பு இல்லம்மா. உங்கம்மா பேர்ல ஒரு பொக்லைன் இருக்கு, பெருசு. அதான் ஏத்தி விட்டுடுச்சு" என்றார். எங்கம்மா பாசித் தாள் உலர்த்துகிறவள், பொக்லைனுக்கு எங்கே போவாள் என்று கேட்டேன்.  "வீட்டுல கேட்டுப் பாரும்மா" என்றார்.

கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா படகு வாங்கக் கடன் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மாமா. அப்பா கடலோடு போனதும் கடன் மாமா தலையில் விழுந்தது. அன்றிலிருந்து மாமா பெயரில் ஒரு சைக்கிள்கூட வாங்க முடியாது, வங்கி பிடுங்கிக்கொள்ளும். பொக்லைன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு வண்டி வேண்டும். அம்மா தன் பெயரைக் கொடுத்தாள். "என் தம்பி என் புருஷனுக்காக நின்னான். நான் பேரு குடுக்க மாட்டேனா?" என்கிறாள். ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு வண்டி அக்கா பெயரில், மச்சான் பெயரில் இருக்கத்தான் செய்யும் என்கிறாள்.

எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. அம்மாவைத் திட்ட வாயைத் திறந்தால் மாமா வருகிறார். மாமாவைத் திட்டலாம் என்றால் அப்பா வருகிறார். அப்பாவை எங்கே போய்த் திட்டுவது?

மறுகணக்குக் கேட்கலாமாம். அதற்கு வண்டி தன்னுடையது என்று மாமா எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் வண்டி வங்கி வாசலில் நிற்கும். பிப்ரவரி கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

உனக்கு இது தெரியுமா? உடனே எழுது.

தாசோம்

வாண்டோ, பிப்ரவரி 2

அண்ணா,

சுகம்தானே? உன் பதிலுக்கு ஒவ்வொரு நாளும் தபால்காரரை வழிமறித்தேன். இப்போது அவர் என்னைக் கண்டாலே வேறு தெருவில் திரும்புகிறார். பதில் வராததே பதில் என்று நேற்றுத்தான் புரிந்தது.

நேற்று மாமாவைப் பார்க்கப் போனேன். மலைக்குப் பின்னால் கல்குவாரியில் வேலை. நன்றாகச் சண்டை போடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாமா வண்டியின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "இதாம்ப்பா நான் சொன்ன புள்ளை. அரசாங்கமே படிக்க வைக்குது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படி எண் வந்த அன்றே அம்மா அவரிடம், முழுக்கட்டணமும் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

"எல்லாம் வந்துருச்சுல்ல?" என்று கேட்டார். கையில் கரண்டியோடு, வாயெல்லாம் சிரிப்பாக.  "வந்துருச்சு மாமா" என்றேன்.

அப்போது அவர் சொன்னார்: "உன் அண்ணனுக்கும் இப்படித்தான் முழுசா வந்துச்சு. உங்கம்மா ஓடி வந்து சொன்னா. எடுத்து வெச்ச சோத்தத் தட்டி விட்டுட்டு வந்துட்டான் பாரு, மடையன்."

உனக்கு வரவே இல்லை. அப்படித்தானே அண்ணா? உனக்கும் இதே ஒன்பதாம் படி. தங்கைக்காக அலைந்தவன் என்று உன் அறையில் ஒருவனும் இல்லை. ஜன்னல் ஓரக் கணினியில் உட்கார்ந்தவன் நீ. அம்மா உன்னை ஊர் கேட்கக் கழுதை என்று திட்டிவிட்டு, மீனில் பெரிய துண்டை ஏன் உனக்கே வைப்பாள் என்று இப்போது தெரிகிறது.

நான் கல்லூரி விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறேன். அம்மா ஆலைக் கையுறை கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது. மாமாவிடம், மீன் நாற்றம் பிடிக்கவில்லை, சலித்துப்போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். நம் வீட்டில் அதற்குப் பழக்கம் உண்டு.

தாசோம்

ஹ்வாச்சோன், பிப்ரவரி 9

தாசோம்,

நேற்றுச் சந்திரப் புத்தாண்டு நாள், முகாமிலேயே அப்பாவை நினைத்து வடக்கும் தெற்கும் தெரியாமல் ஒரு பக்கமாக விழுந்து கும்பிட்டேன். உடம்பு சரியாக இருக்கிறது. மனசுதான் கெட்டுக் கிடக்கிறது.

ஆமாம். எனக்கும் ஒன்பதுதான். முதல் அரை வருஷத்துக்கு அம்மா சேர்த்து வைத்ததைக் கட்டினாள், அடுத்ததற்கு ஒன்றுமில்லை. நானும் மாமாவிடம் கேட்கத்தான் போனேன். அப்போதுதான் புதிதாக எடுத்த வண்டி. என்னை ஏற்றி உட்கார வைத்து நெம்புகோலைக் கையில் கொடுத்து, "பாரு, எவ்வளவு லேசா வருதுன்னு" என்றார். இறங்கி வந்து அம்மாவிடம், சலித்துவிட்டது என்று சொல்லிவிடுவோம் என்றேன். திட்டுகிற பங்கு அவளுடையது என்று பேசிக்கொண்டோம். அவள் நன்றாகவே நடித்தாள்.

வண்டி பழசாகியிருக்கும், மதிப்பு இறங்கியிருக்கும், உனக்காவது தப்பிவிடும் என்று நம்பினேன். அதனால் உன்னிடம் சொல்லவில்லை. உன் கடிதம் வந்தபின் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் தாளைக் கசக்கினேன்.

ஆனால் உன் கையுறை விஷயத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உன்மேல் இல்லை, என்மேல். நான் பெரிய தியாகம் செய்ததாக நினைத்துக்கொண்டு இங்கே பனி அள்ளிக்கொண்டிருந்தேன். நான் செய்தது என்ன? உனக்கும் அதே குழியை வெட்டி வைத்தேன்.

நீ விண்ணப்பத்தைத் தொடாதே. கையுறையைத் தூக்கி அடுப்பில் போடு. இன்று மாமாவுக்கு எழுதிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை. அம்மா என்னை வீட்டில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

வாண்டோ, பிப்ரவரி 20

மருமகன் கியுதே பார்க்க,

உன் மாமன் எழுதுகிறேன். கடைசியாகக் கடிதம் எழுதியது நான் ராணுவத்தில் இருந்தபோது. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

உன் கடிதத்தைக் குவாரியில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வண்டியில் ஏறி, தோண்ட வேண்டாத இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து கத்தினார்.

டேய், என்னைக் காப்பாற்ற நீ யார்? உங்கப்பனுக்குக் கையெழுத்துப் போட்டபோது என் கையை யாரும் பிடித்து எழுதவில்லை. நானாகப் போட்டேன், பட்டேன். அது என் கணக்கு. அக்கா பேர் கொடுத்தபோது, பேர்தானே கொடுக்கிறாள் என்று வாங்கிக்கொண்டேன். உங்கள் ரெண்டு பேர் படிப்பையும் எடுத்துத்தான் எனக்குக் கொடுக்கிறாள் என்று ஒருத்தர் சொல்லவில்லை. படிக்காதவன்தானே, இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள்.

போன இடமெல்லாம் உன்னை மடையன் என்று திட்டியிருக்கிறேன். குவாரியில், மீன் சந்தையில், உன் அப்பனை விழுங்கிய கடலைப் பார்த்துக்கூட. அந்த வார்த்தையெல்லாம் இப்போது எங்கே போய்ப் பொறுக்குவேன்?

வண்டியைக் குவாரி முதலாளிக்கே கொடுத்துவிட்டேன். மிச்சத் தவணை அவர் பாடு, எனக்குக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அக்கா கையெழுத்துப் போடும்போது அழுதாள். நான் பேசவில்லை. நாளையிலிருந்து அதே வண்டியில் கூலிக்கு உட்காருகிறேன். இருக்கையும் அதேதான், என் முதுகுக்குப் பழகியதுதான்.

தாசோமிடமும் கோபம்தான். "வந்துருச்சு மாமா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே.

விடுப்பில் வந்தால் முதலில் என் வீட்டுக்கு வா. கன்னத்தில் ஒரு அறை பாக்கி இருக்கிறது. அப்புறம் சாப்பிடலாம்.

சொக்மான்

யோசு, ஏப்ரல் 14

அண்ணா,

எப்படி இருக்கிறாய்? அங்கே பனி உருகியிருக்கும், இனி புல் வெட்டச் சொல்வார்கள். நான் நலம். மீனுக்கு நாடி செவுளில்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, இன்னும் அந்தப் பாடம் வரவில்லை.

கட்டணத்தைத் தவணையாகக் கட்டக் கல்லூரி ஒப்புக்கொண்டது. முதல் தவணைக்கு அம்மா ஆலையில் முன்பணம் வாங்கினாள். மறுகணக்குக்கு அவர்கள் கேட்ட தாள்களைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும். வண்டி கைமாறிய தாளைக் கொடுத்தால், கைமாறியபோது எவ்வளவு மதிப்பு என்று இன்னொரு தாள் கேட்டார்கள். அதைக் கொடுத்தால், அதன் மேலே எழுதிய தேதி தெளிவாக இல்லையாம். அம்மா மறுபடி சம்மதம் அழுத்த வேண்டும் என்றார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது ஜன்னல் ஓரக் கணினிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். மாமாவும் வந்தார். அம்மாவோடு அவர் இன்னும் பேசுவதில்லை. அவள் பின்னால் நின்றபடி என்னிடம் கேட்டார், "உங்கம்மாவுக்குக் குளிரலையான்னு கேளு." அம்மா என்னிடம், "குளிரலைன்னு சொல்லு" என்றாள். எனக்கு இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு, உனக்கே தெரியும்: இந்த வீட்டில் கல்லூரியில் பெயருள்ள வேறு பிள்ளைகள் உண்டா? போன தடவை இல்லை என்று போட்டேன். இந்தத் தடவையும் அதையே போடப் போனேன். மாமா குனிந்து பார்த்து, "ஏன் இல்லைங்கிறே?" என்றார். அவன் விட்டுவிட்டு வந்தவன்தானே மாமா என்றேன். "கேட்டியா, விட்டுட்டானான்னு? நம்ம வீட்டுல யாரு எதை நெசமாச் சொன்னா?" என்றார்.

அதனால் குவாங்ஜுவில் உன் கல்லூரிக்கே போன் செய்தேன். எடுத்தவர் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நீ விலகவில்லையாம். விடுப்புதான் எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். ராணுவத்துக்குப் போகும் முன் இன்னொரு தடவை நேரில் வந்து, பெயரை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாயாம். உன்னை அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

போனை வைத்துவிட்டுச் சொன்னேன். மாமா வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா நாற்காலியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இதை அவளிடம்கூட நீ சொல்லவில்லையே, அண்ணா. உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரவும் போவதில்லை.

நேற்று முடிவு வந்தது. இரண்டாம் படி. செப்டம்பரில் நீ கல்லூரிக்குத் திரும்பாவிட்டால் உன் பெயர் போய்விடுமாம். நான் அன்றே அந்தக் கேள்விக்கு 'ஒருவர்' என்று போட்டுவிட்டேன். ராணுவம் முடிந்து ஊருக்கு வந்ததும் மாமாவிடம் அறை வாங்கிக்கொண்டு நேரே பேருந்து நிலையத்துக்கு எதிரே வா. ஜன்னல் ஓரக் கணினியைப் பிடித்து வைக்கிறேன்.

தாசோம்